ஆன்லைன் கேம் லேப்டாப்பில் திணறுகிறதா? அறிகுறியைப் பார்த்து செட்டிங்ஸைத் தொடுங்கள்

'கேம் லேக் அடிக்கிறது' என்று சொல்வது 'உடம்பு சரியில்லை' என்று சொல்வது போலத்தான். படத்தை வரையும் சில்லான ஜி.பி.யூ. திணறினாலும் லேக், பிராசசர் திணறினாலும் லேக், சூடு ஏறினாலும், ஜி.பி.யூ.வின் சொந்த நினைவகமான விரேம் நிரம்பினாலும், வைஃபை தடுமாறினாலும் லேக். மருந்து மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. வைஃபை கோளாறுக்கு ஷேடோவை (நிழலின் தரத்தை) குறைத்தால் படம் அசிங்கமாவதுதான் மிச்சம். பிராசசர் திணறும்போது ரெசல்யூஷனை (படத்தின் பிக்சல் எண்ணிக்கையை) இறக்கினால் எஃப்.பி.எஸ். (வினாடிக்கு வரையப்படும் ஃப்ரேம், அதாவது படம்) ஏறவே ஏறாது. எல்லாவற்றையும் 'லோ'வில் வைத்தும் தீரவில்லை என்று தவிப்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 லேப்டாப்களுக்கானவை. உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

எதையும் மாற்றுவதற்கு முன்: எண்களைப் பாருங்கள்

விண்டோஸ் பொத்தானோடு ஜி எழுத்தை அழுத்தினால் கேம் பார் திறக்கும். அதிலுள்ள 'பெர்ஃபார்மன்ஸ்' பெட்டியை அதிலுள்ள ஊசிக் குறியால் (Pin) திரையின் மூலையில் நிறுத்திவிட்டால் எஃப்.பி.எஸ்., ஜி.பி.யூ., பிராசசர், விரேம், ரேம் எல்லாம் ஆட்டத்தின்போதே தெரியும். வெப்பநிலை, கிளாக் வேகம் (சில்லு ஓடும் வேகம்), ஃப்ரேம் டைம் (ஒரு ஃப்ரேமை வரைய ஆகும் நேரம்) வரைபடமும் வேண்டுமென்றால் எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னரையும் அதனுடன் வரும் ரிவாட்யூனரையும் போடுங்கள். சில கேம்களின் ஏமாற்றுத் தடுப்பு (ஆன்டி-சீட்) மென்பொருள் இவற்றை விடாது. அங்கே கேமுக்குள்ளேயே இருக்கும் எஃப்.பி.எஸ்., நெட்வொர்க் கணக்கீட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃப்ரேம் டைம்தான் இவற்றில் முக்கியமானது. 60 எஃப்.பி.எஸ். என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி வினாடி, 144 என்றால் 6.9. சராசரி 90 காட்டும் கேமில் வினாடிக்கு ஒரு ஃப்ரேம் மட்டும் 80 மில்லி வினாடி எடுத்துக்கொண்டால் எஃப்.பி.எஸ். எண் அதைக் காட்டிக்கொடுக்காது. கண்ணுக்குத் தெரியும், வரைபடத்தில் முள் முள்ளாக நிற்கும்.

ஜி.பி.யூ. பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ஜி.பி.யூ.தான் தடை. அப்போது கிராபிக்ஸ் செட்டிங்ஸ் பலன் தரும். எஃப்.பி.எஸ். வரம்பு எதுவும் போடாத நிலையிலும் ஜி.பி.யூ. 60, 70 சதவீதம் என்று அலைந்தால் அதற்கு வேலை கொடுக்க வேண்டிய பிராசசர் பின்தங்குகிறது. இங்கே பிராசசரின் மொத்தப் பயன்பாட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். 16 திரெட் (தனித்தனியாக ஓடும் வேலைச் சரடு) உள்ள பிராசசரில் ஒரு திரெட் முழுமூச்சாக ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 6.25 சதவீதம்தான். கேமின் முக்கிய திரெட் மூச்சுமுட்டிக் கிடக்கும்போது டாஸ்க் மேனேஜர் 35 சதவீதம் என்று சாதாரணமாகக் காட்டும்.

சோதனையை எப்போதும் ஒரே இடத்தில், ஒரே பயிற்சி மேப்பில் ஐந்து நிமிடம் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு செட்டிங் மட்டும். முன் எண், பின் எண் இரண்டையும் குறித்து வையுங்கள்.

தொடக்கத்திலிருந்தே எஃப்.பி.எஸ். குறைவு

கேம் எந்த ஜி.பி.யூ.வில் ஓடுகிறது என்பதை முதலில் பாருங்கள். இரண்டு ஜி.பி.யூ. உள்ள லேப்டாப்பில் கேம் பிராசசருக்குள் இருக்கும் சின்ன ஜி.பி.யூ.வில் ஓடிக்கொண்டிருக்க, பெரியது தூங்கிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'ஜி.பி.யூ. 0', 'ஜி.பி.யூ. 1' என இரண்டும் தெரியும். வேலை தப்பான இடத்தில் நடந்தால் செட்டிங்ஸ் → சிஸ்டம் → டிஸ்ப்ளே → கிராபிக்ஸ் போய், கேமின் கோப்பைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று வையுங்கள். லாஞ்சரைச் சேர்த்தால் போதாது. உண்மையில் ஓடும் கேம் கோப்பையே சேர்க்க வேண்டும்.

அடுத்து பவர். செட்டிங்ஸ் → சிஸ்டம் → பவர் பகுதியில் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்', கூடவே லேப்டாப் நிறுவனம் கொடுத்த செயலியில் பெர்ஃபார்மன்ஸ் அல்லது டர்போ நிலை. இந்த இரண்டாவது நிலை ஜி.பி.யூ.வுக்குப் போகும் வாட் அளவையே மாற்றுவதால், வேறெந்த செட்டிங்கும் தராத வித்தியாசத்தை இது ஒன்றே தரலாம்.

இதற்குப் பிறகும் ஜி.பி.யூ. 95-க்கு மேல் நின்றால் தரத்தைக் குறைக்கத் தொடங்கலாம். குறைக்கும் வரிசை முக்கியம். முதலில் ஷேடோ: 'அல்ட்ரா'விலிருந்து 'மீடிய'த்துக்கு இறக்கினால் பலன் பெரிது, கண்ணுக்குத் தெரியும் இழப்பு சிறிது. ஆனால் போட்டி ஆட்டங்களில் அதை முழுதாக அணைக்காதீர்கள், மூலைக்குப் பின்னால் நிற்பவரின் நிழல் உங்களுக்குத் தகவல். பிறகு வால்யூமெட்ரிக் பனி, மேகம், பிறகு ரிஃப்ளெக்‌ஷன், பிறகு ஆம்பியன்ட் அக்லூஷன் (மூலை முடுக்கில் விழும் மென்நிழல்). ஆன்டி-அலையசிங்கில் (ஓரங்களின் படிக்கட்டுத் தோற்றத்தை மழுப்பும் வசதி) எம்.எஸ்.ஏ.ஏ. 8 மடங்கு என்று இருந்தால் 2-க்கு இறக்குங்கள். ரே டிரேசிங் (ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அணையுங்கள். மோஷன் பிளர் எஃப்.பி.எஸ்.ஸை அதிகம் தின்னாது, ஆனால் திரும்பும்போது எதிராளியை மறைக்கும். அதையும் அணைத்துவிடுங்கள்.

இவ்வளவும் போதவில்லை என்றால்தான் ரெசல்யூஷன். 1920×1080-இல் ஒரு ஃப்ரேமுக்கு 20,73,600 பிக்சல். 1600×900 என்றால் 14,40,000, அதாவது 69 சதவீதம் வேலை. 1280×720 என்றால் 44 சதவீதம். திரையின் ரெசல்யூஷனை இறக்கினால் எழுத்தும் சிறு வரைபடமும் சேர்ந்து மங்கும் என்பதால், கேமில் 'ரெண்டர் ஸ்கேல்' இருந்தால் அதையே குறைப்பது நல்லது. அது கேமின் உலகத்தை மட்டும் மங்கலாக்கும், எழுத்து கூர்மையாகவே இருக்கும். ரெண்டர் ஸ்கேல் 80 என்றால் அகலத்திலும் உயரத்திலும் 80, பிக்சல் கணக்கில் 64 சதவீதம். டி.எல்.எஸ்.எஸ்., எஃப்.எஸ்.ஆர்., எக்ஸ்.இ.எஸ்.எஸ். போன்ற அப்ஸ்கேலர் (சிறிதாக வரைந்த படத்தைத் தரம் கெடாமல் பெரிதாக்கும் வசதி) இருந்தால் வெறும் ரெண்டர் ஸ்கேலைவிட அது மேல், 'குவாலிட்டி' நிலையிலிருந்து தொடங்குங்கள். வரைந்த ஃப்ரேம்களுக்கு நடுவில் செயற்கை ஃப்ரேமைச் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷன் வேறு சங்கதி. எண்ணை உயர்த்தும், ஆனால் மௌஸுக்கும் திரைக்கும் நடுவில் தாமதத்தையும் சேர்க்கும். சுடும் போட்டிகளில் அதை அணைத்தே வையுங்கள்.

டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டப்படும் படம்) மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. விரேம் நிரம்பாதவரை டெக்ஸ்சர் எஃப்.பி.எஸ்.ஸைப் பெரும்பாலும் தொடுவதில்லை. நிரம்பினால் நடப்பதைக் கீழே பார்ப்போம்.

ஜி.பி.யூ. பாதி சும்மா இருக்கிறது, எஃப்.பி.எஸ். ஏறவில்லை

பிராசசர்தான் தடை. இங்கே உதவுபவை வேறு செட்டிங்ஸ்: வியூ டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் வரை காட்டுவது), கூட்டத்தின் அடர்த்தி, புல் பூண்டு, பிசிக்ஸ் எஃபெக்ட்ஸ். கேமில் 'மல்டி-திரெடட் ரெண்டரிங்' என்று இருந்தால் போடுங்கள். பின்னணியில் பிரவுசரில் ஓடும் வீடியோ, ரெக்கார்டிங், கேமின் மேல் மிதக்கும் ஓவர்லே எல்லாவற்றையும் மூடுங்கள். கேம் பாரின் பின்னணிப் பதிவை செட்டிங்ஸ் → கேமிங் → கேப்சர்ஸ் பகுதியில் அணைக்கலாம்.

தனி ஜி.பி.யூ. இல்லாத லேப்டாப் என்றால் ரேமைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு: 2-இல் 1' என்று காட்டினால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. பிராசசருக்குள் இருக்கும் ஜி.பி.யூ.வுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, படத்துக்கும் ரேமையே நம்பியிருக்கிறது. டி.டி.ஆர்.4-3200 ரேம் ஒரு சேனலில் (ஒரு குச்சி மட்டும்) வினாடிக்கு 25.6 ஜிகாபைட் தரும், இரண்டு சேனலில் (இரண்டு குச்சி) 51.2. அதே அளவு, அதே வேகமுள்ள இரண்டாவது ரேம் குச்சியைப் போட்டாலே இத்தகைய லேப்டாப் ஆளே மாறிவிடும். எந்தச் செட்டிங்கும் அந்த வேகத்தைக் கொடுக்காது.

பத்து, பதினைந்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு சரிகிறது

சூடு. லேப்டாப் கேமர்களை அதிகம் வதைப்பதும், கிராபிக்ஸ் செட்டிங்ஸ் மேல் தவறாகப் பழி விழுவதும் இதனால்தான்.

அடையாளம் இப்படி இருக்கும். முதல் மேட்சில் ஜி.பி.யூ. 99 சதவீதம், கிளாக் 1,700 மெகாஹெர்ட்ஸ், எஃப்.பி.எஸ். 95. மூன்றாவது மேட்சிலும் அதே 99 சதவீதம், ஆனால் கிளாக் 1,200, எஃப்.பி.எஸ். 65. சதவீதம் மாறவில்லை என்பதால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். அந்தச் சதவீதம் 'இப்போதைய வேகத்தில் எவ்வளவு மும்முரம்' என்பதை மட்டும் சொல்கிறது, வேகம் குறைந்ததைச் சொல்வதில்லை. ஆகவே கிளாக்கைக் கட்டாயம் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். பிராசசர் 95 முதல் 100 டிகிரி, ஜி.பி.யூ. 85-க்கு மேல் என்று நின்று கிளாக் இறங்கினால் சந்தேகமே வேண்டாம். பிராசசர் 95-ஐத் தொடுவதால் உடனே கெட்டுவிடாது, தன்னைக் காத்துக்கொள்ளத்தான் வேகத்தைக் குறைக்கிறது. நமக்குக் கவலை அந்த வேக இழப்புதான்.

செலவில்லாத வைத்தியங்களிலிருந்து தொடங்குங்கள். மெத்தை, போர்வை மேல் வைக்கக் கூடாது. பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கி வைத்தால் அடியிலுள்ள விசிறிக்குக் காற்று கிடைக்கும். அடுத்து எஃப்.பி.எஸ். வரம்பு. 60 ஹெர்ட்ஸ் திரையில் 140 ஃப்ரேம் வரைவது பெரும்பாலும் சூட்டைத்தான் வளர்க்கிறது. கேமுக்குள்ளேயோ, என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'மேக்ஸ் ஃப்ரேம் ரேட்' வரியிலோ வரம்பு போடுங்கள். மூன்றாவது மேட்சிலும் உங்கள் லேப்டாப் எந்த எண்ணைத் தாக்குப்பிடிக்கிறதோ அதுவே சரியான வரம்பு. 95-க்கும் 65-க்கும் நடுவில் ஊசலாடுவதைவிட எப்போதும் 65 என்று நிலையாக நிற்பது கைக்கு எவ்வளவோ மேல்.

பிறகு பிராசசரின் டர்போ, அதாவது அடிப்படை வேகத்துக்கு மேல் ஏறும் வசதி. பல லேப்டாப்களில் பிராசசருக்கும் ஜி.பி.யூ.வுக்கும் சூட்டைக் கடத்தும் ஹீட் பைப் பொது. பிராசசர் சூட்டை அள்ளிக் கொட்டினால் ஜி.பி.யூ.வும் சேர்ந்து வேகும். கன்ட்ரோல் பேனல் → பவர் ஆப்ஷன்ஸ் → அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் → பிராசசர் பவர் மேனேஜ்மென்ட் → 'மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்' என்பதை 100-இலிருந்து 99 ஆக்கினால் டர்போ நிற்கும், வெப்பம் சட்டென்று 10, 15 டிகிரிகூட இறங்கலாம். அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள பிராசசருக்குத்தான் இது ஏற்றது. மெல்லிய லேப்டாப்களில் வரும், அடிப்படை வேகம் 1.5 கிகாஹெர்ட்ஸ் சுற்றியுள்ள பிராசசரில் இதைச் செய்தால் கேம் படுத்துவிடும். சில லேப்டாப்களில் இந்த வரியே மறைந்திருக்கும். பழைய குறிப்புகளில் வரும் பிராசசர் அண்டர்வோல்ட் (மின்னழுத்தத்தைக் குறைப்பது) வழி, 2019 டிசம்பரில் 'பிளண்டர்வோல்ட்' பாதுகாப்பு ஓட்டை வெளியானபின் பல இன்டெல் லேப்டாப்களில் பயாஸ் (லேப்டாப்பின் அடிப்படை மென்பொருள்) வழியாகப் பூட்டப்பட்டுவிட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

இதற்கும் அடங்காவிட்டால் தூசி. வெளியிலிருந்து விசிறியைப் பார்த்தால் சுத்தமாகத் தெரியும், ஏமாற வேண்டாம். அழுக்கு விசிறியின் இறக்கையில் சேர்வதைவிட, விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் கம்பளித் துண்டு போலப் படிந்து காற்றின் வழியை அடைத்துக்கொள்கிறது. லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்து, முதலில் பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்கள். விசிறி இறக்கையை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் விசிறி கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் கெடும். வெளித்துளை வழியாக மட்டும் ஊதினால் அந்தக் கம்பளி உள்ளே விசிறிப் பக்கம் விழுமே தவிர வெளியே வராது. முடிந்தால் விசிறியின் திருகைக் கழற்றி அந்தத் துண்டை இடுக்கியால் எடுத்துவிடுங்கள். சில்லின் சூட்டைக் கடத்த அதன் மேல் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் மூன்று நான்கு வருடம் பழையதென்றால் மாற்றலாம். உள்ளே வெள்ளிபோல் மின்னும் திரவ உலோகம் தெரிந்தால் கை வைக்காதீர்கள். அது மின்சாரம் கடத்தும், ஒரு துளி போர்டில் விழுந்தால் போச்சு.

சராசரி நன்றாக இருக்கிறது, ஆனால் திடீர் திடீரென்று உறைகிறது

எப்போது உறைகிறது என்று கவனியுங்கள். காரணம் அதிலேயே இருக்கிறது.

புதிய ஆயுதம், புதிய எஃபெக்ட், புதிய மேப் வரும்போது முதல் முறை மட்டும் உறைந்து, அடுத்த முறை உறையாவிட்டால், படம் வரையும் சிறு நிரல்களான ஷேடர்கள் அப்போதுதான் தொகுக்கப்படுகின்றன. டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் சகஜம். கேம் தொடங்கும்போது 'ஷேடர்ஸ் தயாராகின்றன' என்று ஒரு பட்டை ஓடினால் பொறுமையாக முடிய விடுங்கள். ஷேடர் கேஷை (தொகுத்த ஷேடர்களைச் சேமிக்கும் இடம்) அடிக்கடி அழிக்கச் சொல்லும் ஆலோசனை உங்களை மறுபடி முதலிலிருந்து உறைய வைக்கும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'ஷேடர் கேஷ் சைஸ்' அளவை 10 ஜிகாபைட்டுக்கு உயர்த்திவிட்டு அப்படியே விடுங்கள்.

நேரம் போகப்போக, குறிப்பாக வேகமாகத் திரும்பும்போது உறைந்தால் விரேம். டாஸ்க் மேனேஜரில் 'டெடிகேட்டட் ஜி.பி.யூ. மெமரி' 4 ஜிகாபைட்டுக்கு 3.8 என்று முட்டிக்கொண்டு நிற்க, 'ஷேர்டு ஜி.பி.யூ. மெமரி' ஏறிக்கொண்டே போகும். ஜி.பி.யூ. கார்டுக்குள் இடமில்லாத டெக்ஸ்சர் ரேமுக்குப் போய்த் திரும்புகிறது. 4 ஜிகாபைட் கார்டுகளின் சொந்த நினைவகம் வினாடிக்கு 190 ஜிகாபைட் அளவில் தருகிறது என்றால், கார்டை மற்றவற்றோடு இணைக்கும், 8 லேன் உள்ள பி.சி.ஐ.இ. 4.0 வழி தருவது ஏறத்தாழ 16 மட்டும். நெடுஞ்சாலை முடிந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கியது போல. டெக்ஸ்சரை ஒரு படி குறைத்து கேமை மூடித் திறந்தால் தீர்ந்துவிடும், மற்ற எதையும் தொட வேண்டியதில்லை.

புதிய பகுதிக்குள் நுழையும்போது உறைந்து, கட்டடங்கள் மெதுவாக முளைத்தால் கேம் சுழலும் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுங்கள். ரேம் 8 ஜிகாபைட் மட்டும் இருந்து மெமரி 95 சதவீதம் காட்டினால் பிரவுசரை மூடுங்கள். நிலையான தீர்வு 16 ஜிகாபைட்.

சார்ஜரைக் கழற்றியதும் பாதியாகிறது

பேட்டரியால் அந்த அளவு வாட் தர முடியாது. பல லேப்டாப்களில் பேட்டரி சேமிப்பு வசதி எஃப்.பி.எஸ்.ஸை 30-இல் கட்டிப்போடும். எஃப்.பி.எஸ். சரியாக 30-இல் அசையாமல் நின்றால் இதுவே காரணம். சார்ஜர் செருகியிருந்தும் அப்படியே இருந்தால் சார்ஜரின் வாட்டைப் பாருங்கள். 180, 230 வாட் கேட்கும் லேப்டாப்பை 65 வாட் டைப்-சி சார்ஜரில் வைத்தால் 'சார்ஜ் ஆகிறது' என்றுதான் காட்டும், வேகம் வராது.

திரை கிழிகிறது, அல்லது மௌஸ் இழுக்கிறது

செட்டிங்ஸ் → சிஸ்டம் → டிஸ்ப்ளே → அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரிஃப்ரெஷ் ரேட்டை (திரை வினாடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பதை) பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் திரை 60-இல் கிடப்பது நிறைய லேப்டாப்களில் உண்டு. ஃப்ரேமைத் திரையின் வேகத்துக்குக் காக்க வைக்கும் வி-சிங்க் கிழிசலை நிறுத்தும், ஆனால் மௌஸைப் பசை போட்டது போலாக்கும். திரையையே எஃப்.பி.எஸ்.ஸுக்கு ஏற்ப மாற்றும் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் வசதியுள்ள திரையில் அதைப் போட்டு, எஃப்.பி.எஸ்.ஸை ரிஃப்ரெஷ் ரேட்டுக்கு மூன்று கீழே, அதாவது 144-க்கு 141 என்று கட்டுங்கள். அந்த வசதி இல்லையென்றால் போட்டி ஆட்டத்துக்குக் கொஞ்சம் கிழிசலைப் பொறுத்துக்கொள்வதே மேல்.

ஜி.பி.யூ. 99-இல் நிற்கும்போதும் மௌஸ் இழுக்கும், ஃப்ரேம்கள் வரிசையில் காத்திருப்பதால். இந்தக் காத்திருப்பைக் குறைக்கும் ரிஃப்ளெக்ஸ் அல்லது ஆன்டி-லேக் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் ஜி.பி.யூ. 90-க்குக் கீழே இறங்கும்படி எஃப்.பி.எஸ். வரம்பு. லேப்டாப்பில் மக்ஸ் ஸ்விட்ச் (திரையை எந்த ஜி.பி.யூ.வோடு இணைப்பது என்று மாற்றும் வசதி) இருந்தால் அதைத் தனி ஜி.பி.யூ.வுக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃப்ரேம்கள் சின்ன ஜி.பி.யூ. வழியாகச் சுற்றிப் போவது நிற்கும்.

எஃப்.பி.எஸ். 120 நிற்கிறது, எதிராளி மட்டும் தாவித் தாவி வருகிறார்

இது நெட்வொர்க். கிராபிக்ஸ் பக்கம் போகவே வேண்டாம். உங்கள் கேமரா மழுமழுவென்று திரும்பி, மற்றவர்கள் மட்டும் இடம் மாறி மாறித் தோன்றினால், சுட்டது படாமல் போனால், நீங்களே நான்கு அடி பின்னால் இழுக்கப்பட்டால் எல்லாம் இந்த வகை.

கமாண்ட் பிராம்ப்ட்டில், பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) தொடர்ந்து ஓட விடுங்கள். கட்டளையின் முடிவில் இடைக்கோடும் டி எழுத்தும் சேர்த்தால் நிற்காமல் ஓடும். பதில் 1, 2, 3 மில்லி வினாடி என்று சீராக வர வேண்டும். நடுநடுவே 60, 150 என்று துள்ளினால் கோளாறு உங்கள் அறைக்குள்ளேயே இருக்கிறது: வைஃபை. கேபிள் போடுங்கள். முடியாவிட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். புளூடூத் ஹெட்போனும் 2.4-இலேயே பேசுவதால் இரண்டும் இடித்துக்கொள்ளும்.

ரவுட்டர் வரை சீராக இருந்து, வீட்டில் யாராவது வீடியோ அப்லோடு செய்யும்போது மட்டும் கேமின் பிங் ஏறினால், அனுப்பக் காத்திருக்கும் தரவின் வரிசை ரவுட்டரில் நிரம்புகிறது. கிளவுட் பேக்கப்பை நிறுத்துங்கள், ரவுட்டரில் கியூ.ஓ.எஸ். (எந்தத் தரவுக்கு முன்னுரிமை என்று சொல்லும் வசதி) இருந்தால் போடுங்கள். எந்த நேரமும் ஒரே உயர்ந்த பிங் என்றால் சர்வர் தொலைவில் இருக்கிறது. ஃபைபரில் ஆயிரம் கிலோமீட்டருக்குப் போக, வர 10 மில்லி வினாடி ஆகியே தீரும். கேமின் ரீஜன் தேர்வை மாற்றுவது ஒன்றே வழி.

டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு கெட்டது

டிவைஸ் மேனேஜர் → டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் → ஜி.பி.யூ.வின் ப்ராப்பர்ட்டீஸ் → டிரைவர் → 'ரோல் பேக்'. அந்தப் பொத்தான் மங்கியிருந்தால், பழைய டிரைவரை முன்கூட்டியே இறக்கி வைத்து, இன்டர்நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடில் டி.டி.யூ. (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) கருவியால் இருப்பதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். இன்டர்நெட்டைத் துண்டிக்காவிட்டால் நடுவில் விண்டோஸ் தானாக ஒரு டிரைவரைப் போட்டுவிடும். எந்த டிரைவர் மாறினாலும் ஷேடர்கள் மறுபடி தொகுக்கப்படுவதால் முதல் இரண்டு மூன்று மேட்ச் உறையத்தான் செய்யும். அதை வைத்து டிரைவரை எடைபோடாதீர்கள், நான்காவது மேட்சின் எண்களைப் பாருங்கள்.